மாண்டோரின் பெயரால்: சானக்கலே நினைவேந்தல் குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு போரை ஆண்டுதோறும் நினைவுகூர்வது அப்போரைப் பற்றி ஒரு நூல் எழுதுவதை ஒத்தது. எந்த நாள் தேர்ந்தெடுக்கப்படுகிறது, எந்த மேட்டில் கல் நடப்படுகிறது, அக்கல்லில் எவருடைய பெயர் பொறிக்கப்படுகிறது, மேடையில் எந்த எண்ணிக்கை சொல்லப்படுகிறது ஆகிய யாவும் அந்நூலின் வரிகளே. ஆகவே நூலை மதிப்பிடும் திறனாய்வு நினைவேந்தலையும் மதிப்பிடலாம். மாண்டோர் மீதுள்ள மரியாதை கருதி இத்தகைய மதிப்பீட்டைத் தவிர்க்க வேண்டும் என எண்ணுவோர் உண்டு. ஆனால், மாண்டோரின் பெயரால் உயிரோடிருப்போர் பேசும்போது அப்பேச்சு மெய்தானா என வினவுவதும் மாண்டோருக்குச் செய்யும் மரியாதையே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்தில் நடைபெறும் சானக்கலே நினைவேந்தலை. கிலாஃபத் இயக்கத்தின் நினைவை இன்னும் பேணிவரும் தமிழ் முஸ்லிம்களுக்கு இப்பெயர் புதிதன்று. உஸ்மானியப் பேரரசின் இறுதிக் காலத்தில் முஸ்லிம் உலகம் பெற்ற பெருவெற்றி என்றே இதனை நாம் கேட்டு வந்திருக்கிறோம். அந்தக் கேள்வியறிவு எவ்வளவு முழுமையானது என்பதும் இம்மதிப்பீட்டின் ஒரு பகுதி.

களமும் காலமும்

ஈஜியன் கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் டார்டனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றி, இஸ்தான்புல்லை வீழ்த்தி, ரஷ்யாவுக்குக் கடல்வழி திறப்பது 1915 இல் பிரிட்டனும் பிரான்சும் வகுத்த திட்டம். மார்ச் 18 அன்று அவற்றின் போர்க்கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்தன. அதற்குப் பத்து நாட்கள் முன்னர் நுஸ்ரத் என்னும் சிறு கப்பல் எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிவெடிகளைச் சத்தமின்றி இட்டுச் சென்றிருந்தது. பிரெஞ்சுக் கப்பலான பூவே 600க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு சில நிமிடங்களில் மூழ்கிற்று. இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்னும் பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டும் அன்றே அழிந்தன. கடற்படை பின்வாங்கியது. அந்நாளில் கோட்டைப் பகுதியின் தளபதியாக இருந்தவர் ஜவாத் பாஷா.

கடல்வழி அடைபட்டதால் ஏப்ரல் 25 அன்று தரைப்படைகள் இறங்கின. தெற்கே செத்துல்பஹிரில் பிரிட்டிஷாரும், மேற்கே அரிபுர்னுவில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரும் கரையேறினர். அரிபுர்னு மேடுகளிலும் பின்னர் ஆகஸ்டில் கோங்க்பயிரி உச்சியிலும் எதிரிகளைத் தடுத்து நிறுத்தியதில் முஸ்தபா கமாலின் பங்கு பெரிது. அங்கிருந்த உஸ்மானிய ஐந்தாம் படைக்குத் தலைமை வகித்தவரோ லிமான் ஃபான் ஸாண்டர்ஸ் என்னும் ஜெர்மானியர். 1916 ஜனவரியில் இறுதிப் பிரிட்டிஷ் வீரனும் வெளியேறினான். ஏறத்தாழ எட்டரை மாத நிலப்போர் சில மைல் அகலமுள்ள பாறைமேடுகளிலேயே நடந்து முடிந்தது.

இந்த ஒரே நிலத்தில் இன்று ஒன்றுக்கு மேற்பட்ட நினைவேந்தல்கள் நிகழ்கின்றன. துருக்கியர் மார்ச் 18 ஐக் கொண்டாடுகின்றனர். 2002 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாளை ஷஹீத்களின் நாளாகவும் ஆக்கியது. ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் ஏப்ரல் 25 வைகறையில் கூடுகின்றனர். துருக்கியருக்குள்ளும் இரு கதைகள் உண்டு. குடியரசுவாதிகளின் கதையில் முஸ்தபா கமால் என்னும் தனிமனிதரின் எழுச்சி மையமாகிறது. படைவீரனின் தொழுகையும் துஆவும் ஓரத்துக்குச் செல்கின்றன. சமயப் பற்றாளர்களின் கதையில் ஈமானின் வெற்றி மையமாகிறது. முஸ்தபா கமால் ஓரத்துக்குச் செல்கிறார். ஜெர்மானியத் தளபதிக்கு இரண்டிலுமே இடம் குறைவு.

அளவுகோல் எது?

இக்கதைகளை எதனைக் கொண்டு அளப்பது? வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கடன் வாங்க வேண்டியதில்லை. போர்களை நினைவுகூரும் முறையைத் திருக்குர்ஆனே நமக்குக் காட்டியிருக்கிறது.

பத்ரு வெற்றியைப் பேசும் அன்ஃபால் அத்தியாயம் வெற்றி முழக்கத்தோடு தொடங்கவில்லை. போரில் கிடைத்த பொருட்களைப் பற்றி எழுந்த கேள்வியோடு, அதாவது வென்றவர்களிடையே தோன்றிய ஒரு பிணக்கைத் தீர்ப்பதோடு தொடங்குகிறது. உஹதைப் பற்றி ஆலு இம்ரான் அத்தியாயம் விரிவாகப் பேசுகிறது. அங்கே குன்றின் மீது நிறுத்தப்பட்ட வில்லாளர்கள் இடம் பெயர்ந்தது, கருத்து வேறுபட்டது, உலக இலாபத்தை நாடியது ஆகியவை மறைக்கப்படவில்லை. ஹுனைனைப் பற்றித் தவ்பா அத்தியாயம் நினைவூட்டுவது எண்ணிக்கைப் பெருமை எந்தப் பயனையும் தரவில்லை என்பதை. மூன்று போர்களிலும் நினைவூட்டலின் இலக்கு உயிரோடிருப்பவர்களின் நெஞ்சே. மாண்டோரின் சிறப்பு மறுக்கப்படவில்லை; அச்சிறப்பு வாழ்வோரின் தவறுகளுக்குத் திரையாகவும் பயன்படுத்தப்படவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையும் இதுவே. உஹதுப் போருக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், உலகைப் பிரியும் நாள் நெருங்கிய வேளையில், அங்கு உயிர்நீத்தவர்களுக்காக அவர்கள் தொழுததையும் அதன்பின் மிம்பரில் ஏறி உரையாற்றியதையும் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார். அவ்வுரையில் வெற்றிப் பெருமிதம் இல்லை. இணைவைப்பைக் காட்டிலும், உலகச் செல்வத்துக்காகத் தம் தோழர்கள் தமக்குள் போட்டியிட்டுக்கொள்வார்களோ என்னும் அச்சமே அதில் வெளிப்பட்டது. மாண்டோரை நினைத்த கையோடு பேச்சு வாழ்வோரின் பொறுப்புக்குத் திரும்பிவிட்டது. ஒரு நினைவேந்தல் வாழ்வோரைப் பொறுப்புக்கு உள்ளாக்குகிறதா, பொறுப்பிலிருந்து விடுவிக்கிறதா என்பதே இம்மரபிலிருந்து நாம் பெறும் அளவுகோல்.

எண்ணிக்கை

துருக்கியின் மேடைகளிலும் பாடசாலைச் சொற்பொழிவுகளிலும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவது 2,50,000 ஷஹீத்கள் அல்லது 2,53,000 ஷஹீத்கள் என்னும் எண். படைத்துறை ஆவணங்களை ஆராய்ந்தோர் காட்டும் உஸ்மானிய இறப்பு எண்ணிக்கை, நோயால் மாண்டோரையும் காணாமற் போனோரையும் சேர்த்துப் பார்த்தாலும், 86,000 ஐ ஒட்டி நிற்கிறது. மக்கள் வழக்கிலுள்ள பேரெண் பிறந்த வழி எளிது. மாண்டோர், காயமுற்றோர், நோயுற்றோர், காணாமற் போனோர் ஆகிய அனைவரையும் உள்ளடக்கிய மொத்த இழப்புத் தொகை, காலப்போக்கில் மாண்டோர் தொகையாக மாறிவிட்டது. காயம் ஆறி ஊர் திரும்பி, பல்லாண்டு உழுது வாழ்ந்து மடிந்த அனத்தோலிய உழவர்கள் பல்லாயிரவர் இவ்வெண்ணுக்குள் ஷஹீத்களாகியுள்ளனர்.

இதனை மெய்ந்நோக்கமுள்ள மிகை என்று விட்டுவிடலாமா? இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் தொடக்கத்திலேயே வரலாற்றாசிரியர்களின் பிழைகளுக்கு முதல் எடுத்துக்காட்டாகக் காட்டியது படைகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்துவதைத்தான். இஸ்ரவேலரின் படை 6,00,000 பேர் கொண்டது என்னும் செய்தியை எடுத்துக்கொண்டு, அத்துணை பெரிய படை அணிவகுக்க நிலம் போதுமா, ஓர் அணியின் நிலை மற்றோர் அணிக்குத் தெரியுமா என்று அவர் கேட்கிறார். பணத்தையும் படையையும் எண்ணும்போது மனித மனம் மிகையை நாடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் நம் மரபிலேயே எழுந்த இவ்வெச்சரிக்கையைச் சானக்கலேயின் மேடைகள் செவிமடுக்கவில்லை.

எண்ணிக்கைக்கு அப்பால் ஷஹீத் என்னும் சொல்லிலும் ஒரு சிக்கல் உள்ளது. போரில் வீழ்ந்தவரைக் குளிப்பாட்டுவதா, எவ்வாறு அடக்கம் செய்வது என்னும் உலகச் சட்டங்களுக்காக ஃபிக்ஹு நூல்கள் ஒருவரை ஷஹீதாகக் கருதும். மறுமையில் அவர் நிலை என்ன என்பது இறைவனுக்கு மட்டுமே தெரிந்தது. இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பில் இன்னார் ஷஹீத் என்று உறுதிகூறலாகாது என்னும் கருத்தில் ஒரு பாடத்தையே அமைத்திருக்கிறார். களத்தில் எவரும் வியக்கும்படி போரிட்ட ஒருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும், காயத்தின் வலி பொறாமல் அம்மனிதர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதையும் அங்கே படிக்கிறோம். நிய்யத் இறைவனுடைய அறிவுக்குரியது. ஓர் அரசு சட்டத்தின் மூலம் ஷஹீத் என்னும் பதவியை மொத்தமாக வழங்கும்போது, அந்த அறிவைத் தனதாக்கிக்கொள்கிறது. அப்பதவியைத் தன் நோக்கங்களுக்கான சான்றிதழாகவும் ஆக்கிக்கொள்கிறது.

கல்லில் பொறித்த சொல்

1985 இல் அரிபுர்னுக் கடற்கரையில் ஒரு பெரிய கல் நிறுவப்பட்டது. தொலைநாடுகளிலிருந்து மகன்களை அனுப்பிய தாய்மாரைத் தேற்றி, மண்ணில் துயிலும் அம்மகன்கள் இனி எமக்கும் மகன்களே என்று கூறும் பொருளில் அதில் சில வாக்கியங்கள் உள்ளன. அவை 1934 இல் அத்தாதுர்க் கூறியவை எனக் கல் சொல்கிறது. இதே சொற்கள் 1985 இல் கான்பெராவிலும் 1990 இல் நியூசிலாந்தின் வெல்லிங்டனிலும் கல்லேறின. பகைவனின் தாய்க்கு ஆறுதல் சொல்லும் தலைவன் என்னும் காட்சி எவரையும் நெகிழச் செய்வது.

இச்சொற்களின் அறிவிப்பாளர் தொடர் என்ன? ஹதீஸ் கலை வளர்த்த சமூகம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. அத்தாதுர்க் 1938 இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் இச்சொற்கள் வெளிவந்ததற்கு ஆவணம் காட்டப்படவில்லை. அவரிடம் உள்துறை அமைச்சராக இருந்த ஷுக்ரு கயா, தலைவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1953 இல் ஒரு நாளிதழுக்கு அளித்த பேட்டியில்தான் அவை முதன்முதலாக அச்சேறின. தலைவர் எழுதிக் கொடுத்ததைத் தாம் கலிப்போலியில் வாசித்ததாகக் கயா கூறினார். ஆனால் அவர் அக்காலத்தில் அங்கு ஆற்றிய உரையின் சமகால அச்சுப் பதிவில் இவ்வாக்கியங்கள் இல்லை என்பதைத் துருக்கிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015 ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர். இருதரப்பு வீரர்களையும் செல்லப்பெயர்களால் சுட்டி அவர்களிடையே வேறுபாடில்லை எனக் கூறும் புகழ்மிக்க வாக்கியமோ 1953 ஆம் ஆண்டு அச்சிலும் கிடையாது. 1970களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் அமைந்த ஒரு நினைவு நீரூற்றை ஒட்டி நடந்த கடிதப் போக்குவரத்தில் அது வந்து சேர்ந்தது என்பதும் அவர்கள் கண்டது.

இதற்கு எழும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. சொன்னவர் எவராயினும் சொல் நல்லது; பகைவர்களாயிருந்த மூன்று நாட்டு மக்களை அது இணைத்திருக்கிறது; இதில் தொடரை ஆராய்ந்து ஆவதென்ன என்று கேட்கலாம். ஆனால், இக்கேள்வியை நம் முன்னோர் ஏற்கெனவே எதிர்கொண்டனர். நன்மையைத் தூண்டவும் தீமையை அச்சுறுத்தவும் நல்லெண்ணத்தோடு ஹதீஸ்களை இட்டுக்கட்டியோர் இருந்தார்கள். குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்பைப் பற்றி அவர்கள் புனைந்தவை மக்களை ஓதத் தூண்டவே செய்தன. ஆயினும் முஹத்திஸ்கள் அவற்றை ஏற்கவில்லை. பொருள் அழகாயிருப்பது மூலத்துக்குச் சான்றாகாது என்றனர். மேலும், இச்சொற்கள் இருதரப்புக்கும் அளித்த வசதியையும் நோக்க வேண்டும். படையெடுத்து வந்தவருக்கு, ஏன் வந்தோம் என்னும் கேள்வி மறைந்தது. தற்காத்தவருக்கு, அதே ஆண்டில் தம் ஆட்சிப்பரப்புக்குள் என்ன நடந்தது என்னும் கேள்வி மறைந்தது. பரஸ்பர மன்னிப்புக்கு முன்னர் நிகழ வேண்டிய கணக்குத் தீர்த்தல் நிகழாமலே போயிற்று.

கவிதை, சிலை, பாலம்

சானக்கலேயின் நினைவைத் துருக்கிய மொழியில் நிலைநிறுத்திய இலக்கியம் மெஹ்மத் ஆகிஃப் எர்சோயின் கவிதை. துருக்கியத் தேசிய கீதத்தை இயற்றிய இவர் இப்போரில் களம் கண்டவரல்லர். விழாக்களில் ஓதப்படும் பகுதி, 1924 இல் வெளிவந்த 'ஆசிம்' என்னும் நெடுங்கவிதையின் ஒரு கூறு. பத்ரின் வீரர்களோடு வைத்துச் சானக்கலேயின் வீரனை எண்ணிப் பார்க்கும் கவிஞர், அவனுக்குத் தகுந்த அடக்கத்தலத்தை மனத்தால் கட்டத் தொடங்கி, வானையும் மண்ணிலுள்ள உயரிய சின்னங்களையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, எதுவும் போதாது என்று கைவிடுகிறார். எந்தக் கட்டடமும் இம்மரணத்துக்கு ஈடாகாது என்பதே அப்பகுதியின் உயிர்நாடி.

இக்கவிதை விழாவுக்குள் வந்தபோது நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். 'ஆசிம்' ஓர் உரையாடல் கவிதை. போரிலிருந்து மீண்ட ஆசிம் என்னும் இளைஞன் சமூகத் தீமைகளைத் தன் கைவலிமையால் அடித்துத் திருத்த முயல்கிறான். மூத்தோர் அவனைத் தடுத்து, பெர்லினுக்குத் திரும்பிச் சென்று விட்ட கல்வியை முடித்து, அறிவியலைக் கொண்டுவரும்படி சொல்வதில் கவிதை முடிகிறது. வீரர்களின் புகழ்ச்சி அந்த அறிவுரைக்கு இட்டுச் செல்லும் ஒரு படி. மேடை புகழ்ச்சியை மட்டும் அறுத்தெடுத்துக்கொண்டது. மாண்டோருக்குக் கடன்பட்ட தலைமுறை கற்க வேண்டும் என்னும் கோரிக்கை நூலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கவிஞரும் 1920களின் நடுவில் நாட்டை விட்டு எகிப்து சென்று பத்தாண்டுகள் வாழ்ந்து, நோயுற்றுத் திரும்பி 1936 டிசம்பரில் காலமானார். அவருடைய ஜனாஸாவை அரசு பொருட்படுத்தவில்லை. மாணவர்களே சுமந்து சென்றனர்.

எந்தக் கட்டடமும் போதாது என்ற கவிதைக்குப் பதிலாகக் கட்டடங்கள் எழுந்தன. 1960 இல் திறக்கப்பட்ட ஷஹீத்கள் நினைவுச்சின்னம் மோர்த்தோ விரிகுடாவுக்கு மேலே 41.7 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1992 இல் 57 ஆம் ரெஜிமென்டுக்கு ஒரு நினைவு அடக்கத்தலம் அமைந்தது. அந்த ரெஜிமென்டு ஒருவர் எஞ்சாமல் அழிந்தது என்பது மக்கள் கதை. அது பின்னர் கலீசியாவிலும் பாலஸ்தீனத்திலும் போரிட்டது என்பது வரலாறு. 2022 மார்ச் 18 அன்று நீரிணையின் மேல் '1915 சானக்கலே பாலம்' திறக்கப்பட்டது. அதன் கோபுரங்களின் உயரம் 318 மீட்டர். மூன்றாம் மாதத்தின் பதினெட்டாம் நாளை அது குறிக்கிறது. நடுத்தாவின் நீளம் 2,023 மீட்டர். குடியரசின் நூற்றாண்டை அது குறிக்கிறது. பொறியியலில் இது பெருஞ்சாதனை. நினைவேந்தல் என்ற வகையில், மாண்டோரின் நாளையும் ஆள்வோரின் ஆண்டுவிழாவையும் ஒரே கம்பியில் கட்டியிருக்கிறது.

இவற்றுக்கிடையே செய்யித் என்னும் பீரங்கிப் படைவீரனின் சிலையைப் பார்க்கலாம். மார்ச் 18 அன்று பாரந்தூக்கி உடைந்துபோன நிலையில் 200 கிலோவுக்கும் மேற்பட்ட குண்டைத் தன் முதுகில் சுமந்து பீரங்கிக்கு ஏற்றியவர் என்று போற்றப்படுபவர் அவர். பின்னர் புகைப்படம் எடுக்க வேண்டியபோது அவரால் அதைத் தூக்க இயலவில்லை. மரத்தால் செய்த குண்டைச் சுமந்து நின்ற படமே நமக்குக் கிடைத்தது. போருக்குப் பின் அவர் பாலிகேசிர் மாகாணத்தின் ஹவ்ரான் பகுதியிலுள்ள தம் ஊருக்குத் திரும்பி, காட்டில் விறகு வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்து 1939 இல் இறந்தார். சிலை குண்டைக் காட்டுகிறது, கரியைக் காட்டவில்லை. மெய்யான செய்யித் நமக்குத் தரும் படிப்பினை அந்தக் கரியில்தான் இருக்கிறது. ஒரு நாட்டைக் காத்தவரை அந்நாடு எவ்வாறு வைத்திருந்தது என்னும் கேள்வி அது.

இடம் பெறாதோர்

நினைவேந்தலின் தரத்தை அது விட்டுவிட்ட பெயர்களைக் கொண்டும் அறியலாம். முதலாவது, அந்த வட்டாரத்தின் பழைய குடிகள். போர்க்களமாகிய தீபகற்பத்தில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் பெருமளவில் வாழ்ந்தனர். பிரிட்டிஷார் கைப்பற்ற முயன்று மும்முறை தோற்ற கிரித்தியா அவர்களுடைய ஊர். 1915 இல் உஸ்மானிய அரசு அவர்களை அங்கிருந்து அகற்றியது. 1923 இன் மக்கள் பரிமாற்றம் அவர்கள் திரும்பும் வழியை முற்றிலும் அடைத்தது. இன்று அல்சிதெபே என வழங்கும் அவ்வூரில் பால்கன் நாடுகளிலிருந்து வெளியேறி வந்த முஸ்லிம்கள் குடியேறினர். இரு தரப்பினரும் வேரிழந்தவர்களே. உழும்போது எலும்பும் தோட்டாவும் கிடைக்கும் நிலத்தில் வாழும் இக்கிராம மக்களின் நினைவு, பேருந்துகளில் வந்திறங்கும் விழாவின் நினைவிலிருந்து வேறுபட்டது. வெற்றியைக் காட்டிலும் இடப்பெயர்வே அவர்களுடைய குடும்ப வரலாறு.

இரண்டாவது, ஆர்மீனியர். அரிபுர்னுவில் படைகள் இறங்குவதற்கு முந்தைய நாளான 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். அதைத் தொடர்ந்த நாடுகடத்தலிலும் படுகொலையிலும் பல இலட்சம் பேர் அழிந்தனர். நூற்றாண்டு ஆண்டான 2015 இல் துருக்கிய அரசு கலிப்போலியின் பன்னாட்டு விழாவை ஏப்ரல் 24 அன்று நடத்தியது. அதே நாளில் யெரெவானில் ஆர்மீனியர் தம் மாண்டோரை நினைவுகூர்ந்தனர். அழைக்கப்பட்ட ஆர்மீனிய அதிபர் கலிப்போலிக்கு வர மறுத்தார். ஒரு துயரத்தின் நாளை இன்னொரு துயரத்தால் மூடுவது எவருடைய மாண்டோருக்கும் பெருமை சேர்ப்பதன்று. அண்டைச் சமூகத்தாருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பேசுவதில் முஸ்லிம்கள் தயங்க வேண்டிய காரணம் எதுவும் மார்க்கத்தில் இல்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது மாயிதா அத்தியாயத்தின் கட்டளையாகும்.

மூன்றாவதாக, நமக்கு மிக நெருங்கியவர்கள். பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 15,000 இந்தியர்கள் கலிப்போலியில் பணியாற்றினர் என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். சீக்கியரும் கூர்க்காக்களும் காலாட்படையில் இருந்தனர். மலைப் பீரங்கிப் படையிலும், கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் உணவும் சுமந்து சென்ற போக்குவரத்துப் படையிலும் பஞ்சாபி முஸ்லிம்கள் பெருந்தொகையினர். 1914 நவம்பரில் இஸ்தான்புல்லில் ஜிஹாத் ஃபத்வா வெளியிடப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் 1915 பிப்ரவரியில் ஐந்தாம் இலகுரகக் காலாட்படையின் முஸ்லிம் வீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது, துருக்கியருக்கு எதிராக அனுப்பப்படுவோம் என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணமாயிற்று. இப்பின்னணியில்தான் கலிப்போலிக்கு வந்த இரு பஞ்சாப் படைப்பிரிவுகள், அவற்றில் முஸ்லிம் வீரர்கள் இருந்தமையால், மே மாதத்தில் பிரான்சுக்கு மாற்றப்பட்டன. கழுதை ஓட்டுநர்களும் பீரங்கிப் படையினரும் மாற்றப்படவில்லை. மறுபுறம், முஸ்தபா கமாலின் படைப்பிரிவிலேயே 77 ஆம் ரெஜிமென்டில் அரபியர் மிகுதி. பிரெஞ்சுப் படையில் செனகல் முஸ்லிம்கள் இருந்தனர். ஆக, அம்மேடுகளின் இருபுறத்திலும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் நின்றனர்.

ஈமானின் வெற்றி என்னும் கதைக்குள் இக்கழுதை ஓட்டுநர்களை வைக்க இடமில்லை. ஆஸ்திரேலியரின் தோழமைக் கதையில் அவர்கள் நெடுங்காலம் பின்னணிக் காட்சியாகவே இருந்தனர். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அவர்கள் ஏகாதிபத்தியத்தின் கூலிகள். எந்தக் கொடியும் உரிமை கொண்டாடாத இம்மனிதர்களே இந்நினைவேந்தலின் மெய்யான சோதனை. வறுமையாலும் குடும்பப் பாரம்பரியத்தாலும் படையில் சேர்ந்து, கலீஃபாவின் படைகளுக்கு எதிரே நிறுத்தப்பட்டு, ஐவேளையும் தொழுதுகொண்டே குண்டு சுமந்தவனின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்? அவனை எளிதில் துரோகி என்றோ வீரன் என்றோ வகைப்படுத்திவிட முடியாது. ஆனால் அவனை அங்கே நிறுத்திய பேரரசையும், அவனுடைய மனச்சாட்சியை மதியாத ஆட்சியையும், அவ்வாட்சியோடு ஒத்துப்போன நம் நாட்டு முஸ்லிம் மேட்டுக்குடியினரையும் பற்றி அவன் நம்மைக் கேள்வி கேட்க வைக்கிறான்.

நம் கடமை

இந்நினைவேந்தலில் போற்றத்தக்க கூறுகளும் உண்டு. செத்துல்பஹிர் முனையிலுள்ள ஹெல்லஸ் நினைவுத்தூணில் அடக்கத்தலம் அறியப்படாத 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. நம் நாட்டுப் படையினருக்கும் அங்கு இடமுண்டு. பகைவர்களின் அடக்கத்தலங்களைக் காக்கும் கடப்பாட்டைத் துருக்கி 1923 இல் லொசான் உடன்படிக்கையில் ஏற்று இன்றளவும் நிறைவேற்றி வருகிறது. மேடையில் முழங்கும் பெருந்தொகையைக் காட்டிலும் இப்பெயர்ப் பட்டியல் நேர்மையானது. பெயர் ஒரு மனிதனுக்குரியது. அவனுக்கு ஓர் ஊரும் ஒரு தாயும் இருந்ததை அது ஒப்புக்கொள்கிறது. உஸ்மானியத் தரப்பில் மாண்ட எளிய வீரர்களில் மிகப் பலருக்குத் தனிக் கல்லறை வாய்க்கவில்லை. அவர்களுடைய பெயர்களை ஆவணங்களிலிருந்து மீட்கும் துருக்கிய ஆய்வாளர்களின் பணி, எந்தப் பாலத்தையும் விட உயர்ந்த நினைவேந்தல்.

நம்மைப் பொறுத்தவரை, முதல் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் சேட் போன்றோர் முன்னின்ற கிலாஃபத் இயக்கம் துருக்கியர் மீது கொண்ட அன்பு மெய்யானது. அதற்காகச் சிறை சென்றவர்களின் தியாகமும் மெய்யானது. அந்த அன்பின் வழியே நமக்குக் கிடைத்த சானக்கலேக் கதையில் கிரித்தியாவும் இல்லை, ஏப்ரல் 24 உம் இல்லை, பஞ்சாபிக் கழுதை ஓட்டுநனும் இல்லை. அவர்களைச் சேர்த்தால் கதையின் வீரம் குறைந்துவிடாது. தம் மண்ணைக் காக்க நின்ற அனத்தோலிய உழவனின் பெருமை அவனுடையதாகவே நிற்கும். அப்பெருமையை வேறெவரும் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள இயலாமற் போகும், அவ்வளவே.

உஹதின் மிம்பர் உரையைக் கேட்ட சமூகத்துக்கு இது புதிய பாடமன்று. மார்ச் 18 அன்று நம் இதழ்களில் சானக்கலேயைப் பற்றி எழுதுவோர், எண்ணிக்கையைச் சரிபார்த்தும், சொல்லின் தொடரை வினவியும், விடுபட்டவர்களின் பெயரைச் சேர்த்தும் எழுதுவார்களாயின், மாண்டோருக்கு நாம் செய்யக்கூடிய துஆவோடு நேர்மையும் சேர்ந்துகொள்ளும்.